தொட்டில் அங்கே, தோட்டம் இங்கே!

எல்லைப்புறத் தாய்மார்கள் வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்ப்பவர் யார்?

பொழுது விடியும் முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடிநாயக்கனூர் வட்டாரத் தெருக்களில் ஜீப் வண்டிகளின் ஹாரன் ஒலி கேட்கத் தொடங்கிவிடும். கையில் தூக்குவாளி, தோளில் துணிப்பை, தலையில் சுற்றிய துண்டு. பெண்கள் ஓட்டமும் நடையுமாக வந்து ஏறுவார்கள். வண்டி கொள்ளும் அளவுக்கு மேலேயே ஆட்கள் நெருக்கி உட்கார, ஜீப் மலையேறும். சில வண்டிகள் குமுளி வழியாக, சில கம்பம்மெட்டு வழியாக, சில போடிமெட்டு வழியாக. வெயில் ஏறும் நேரத்தில் அவர்கள் கேரளத்தில் இருப்பார்கள். வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறை, பூப்பாறை பகுதி ஏலத் தோட்டங்களில் வேலை தொடங்கியிருக்கும்.

ஜீப்பில் ஏறிய பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு.

"புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வந்த, மதினி?"

"அம்மாச்சிகிட்ட" என்பாள் ஒருத்தி. "பெரியவ பாத்துக்கிடுவா, இன்னைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்னுட்டேன்" என்பாள் இன்னொருத்தி. பக்கத்து வீட்டுத் திண்ணையில் விட்டு வந்தவளும் இருப்பாள். அவள் மனம் மாலைவரை அந்தத் திண்ணையிலேயே இருக்கும்.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டுச் சட்டப் புத்தகங்களில் பதில் இல்லாமல் இல்லை. முக்கால் நூற்றாண்டாகவே பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் ஜீப்பில் ஏறும் தாய்க்கு வந்து சேருவதில்லை. ஏன் வந்து சேரவில்லை, வந்து சேர என்ன வழி என்பதைத் தமிழ்த் தொழிலாளர்களும் அலுவலக ஊழியர்களும் அறிந்திருப்பது நல்லது.

சட்டம் என்ன சொன்னது?

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், அவர்களுடைய 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்காகக் காப்பகம் வைக்க வேண்டும் என்று அது கூறியது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தது. வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் நம் பெண்களுக்குப் பொருந்திய சட்டம் இது.

மலைத்தோட்டங்களுக்கு என்று தனியாக 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகிய பயிர்கள் இதன்கீழ் வந்தன, ஏலம் பின்னர் சேர்ந்தது. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் நிர்வாகமே காப்பகம் நடத்த வேண்டும். அறையில் போதிய வெளிச்சமும் காற்றும் இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

1981-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது மூன்று நல்ல மாற்றங்கள் வந்தன. முதலாவது, 5 ஹெக்டேர் நிலமும் 15 தொழிலாளர்களும் இருந்தாலே அது தோட்டம் எனக் கொள்ளப்பட்டது. இரண்டாவது, பெண்கள் 50 பேர் இல்லாவிட்டாலும் அவர்களுடைய குழந்தைகள் 20 பேர் இருந்தால் காப்பகம் வைத்தாக வேண்டும். மூன்றாவதுதான் நமக்கு மிக முக்கியம். காண்டிராக்டர் மூலம் வரும் பெண்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். அதுவும் கடந்த 12 மாதங்களில் ஏதேனும் ஒரு நாள் அத்தனை பேர் வேலை செய்திருந்தாலே போதும்.

பேறுகால உதவிச் சட்டம் 1961-இல் வந்தது. அப்போது 12 வாரச் சம்பள விடுப்பு. 2017-இல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை அங்கே சென்று குழந்தையைப் பார்த்து வரலாம் என்பதும் அப்போதுதான் சேர்ந்தது.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்கள் எல்லாம் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டன. 26 வார விடுப்பும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளையும், காப்பக ஏற்பாடும் புதிய தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கின்றன. அதில் பலர் கவனிக்காத ஒரு வாசகம் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

12 ஞாயிற்றுக்கிழமைகளின் கதை

சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, கேட்டு வாங்க ஆள் வேண்டும் என்பதற்கு நம் பக்கத்து மலையிலேயே ஒரு சான்று உண்டு.

கோவை வட்டாரத்து மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் வேலை செய்த ஒரு பெண் தொழிலாளிக்கு 1967 டிசம்பரில் பிரசவம் ஆனது. அப்போதைய சட்டப்படி அவருக்கு 12 வாரத்துக்குப் பேறுகால உதவி சேர வேண்டும். நிர்வாகமோ 72 நாளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. 12 வாரத்தில் வரும் 12 ஞாயிற்றுக்கிழமைகள் கூலி இல்லாத நாட்கள், ஆகவே அவற்றுக்கு உதவி இல்லை என்பது நிர்வாகத்தின் வாதம்.

அந்தத் தொழிலாளி விட்டுவிடவில்லை. கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, படிப்படியாக உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1977 அக்டோபர் 12-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. வாரம் என்றால் ஏழு நாள்தான், ஞாயிற்றுக்கிழமையும் அதில் அடக்கம் என்றது நீதிமன்றம். தாய் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. இழந்த உடல் வலிமையைத் திரும்பப் பெறவும், குழந்தைக்குப் பாலூட்டி வளர்க்கவும் அந்தப் பணம் பயன்பட வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம் என்றும் விளக்கியது.

பிரசவத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் ஏறத்தாழ 10 ஆண்டுகள். தொகையோ ஒரு தோட்டக் கூலியின் 12 நாள் சம்பளம். ஆனால் அந்த 12 நாளுக்காக ஒரு பெண் உறுதியாக நின்றதால் நாடு முழுவதும் உள்ள வேலைக்காரத் தாய்மார்களுக்கு வழி திறந்தது. 2000-ஆம் ஆண்டில் டெல்லி மாநகராட்சி வழக்கில், தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகால உதவி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் இங்கே சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். "நான் தினக்கூலிதானே, எனக்கு ஏது?" என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் உரிமை உண்டு.

தேயிலைக்கு வந்தது, ஏலத்துக்கு வரவில்லை

மூணாறு, பீருமேடு தேயிலை எஸ்டேட்டுகளில் தொழிலாளி லயத்திலேயே குடியிருக்கிறார். வீடும் வேலையும் ஒரே எஸ்டேட். எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள் என்பது எஸ்டேட் ஆபீசுக்குத் தெரியும். செக்ரோலில் பெயர் இருக்கும். அதனால் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பகம் அங்கேதான் வேரூன்றியது. காலையில் குழந்தையை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவது இரண்டு, மூன்று தலைமுறைகளாக அங்குள்ள தாய்மார்களின் வழக்கம்.

அங்கும் குறை இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டுவாக்கில் பீருமேட்டுப் பகுதியில் பல தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டன. நிர்வாகமே இல்லாதபோது காப்பகத்தை யார் நடத்துவது? கூலி நின்ற அன்றே அந்தக் குழந்தைகளின் நிழலும் போயிற்று.

ஏலத் தோட்டத்தின் நிலை வேறு. அங்கே பெரிய எஸ்டேட்டுகளைவிடச் சிறு விவசாயிகளே அதிகம். ஒருவரிடம் 2 ஏக்கர், இன்னொருவரிடம் 4 ஏக்கர். இன்று இந்தத் தோட்டத்தில் காய் எடுப்பு, நாளை அடுத்த தோட்டத்தில் கவாத்து. ஒரே ஜீப்பில் வந்தவர்களே இரண்டு மூன்று முதலாளிகளிடம் பிரிந்து போவதும் உண்டு. மொத்தமாக எண்ணினால் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முதலாளியிடமும் தனித்தனியாக எண்ணினால் யாரிடமும் 50 பேர் இல்லை. சட்டம் எண்ணுவது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

"அப்படியானால் குழந்தையைக் கூடவே தூக்கி வரலாமே, மரத்தில் தூளி கட்டினால் ஆயிற்று" என்று சிலர் சொல்லக்கூடும். ஏலக்காட்டை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பூச்சிமருந்து அதிகம் தெளிக்கப்படும் பயிர்களில் ஏலம் ஒன்று. ஈரமும் குளிரும் அட்டைக் கடியும் வேறு. நெரிசலான ஜீப்பில் மலைப்பாதையில் கைக்குழந்தையோடு போய்வருவது அதைவிட ஆபத்து.

ஆகவே குழந்தை தமிழ்நாட்டில், தாய் கேரளத்தில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு அன்று நிலத்தைப் பிரித்தது. இன்று அது காலை முதல் மாலை வரை ஒரு தாயையும் குழந்தையையும் பிரித்து வைக்கிறது. கேரள அதிகாரி தம் எல்லைக்குள் குழந்தையைப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு அதிகாரி தம் எல்லைக்குள் முதலாளியைப் பார்ப்பதில்லை.

அங்கன்வாடி மணியும் ஜீப் மணியும்

"ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறதே?" என்ற கேள்வி எழும். இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பால்வாடிக் குழந்தைகளுக்கும் சோறு போட்டது. இவற்றால் பிழைத்து வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அங்கன்வாடி, வேலைக்குப் போகும் தாய்க்காக ஏற்பட்டதன்று. கேரளத்தில் அது காலை 9.30-க்குத் திறந்து பிற்பகல் 3.30-க்கு மூடும், 3 வயது நிரம்பிய குழந்தைகளுக்கு. தமிழ்நாட்டில் 2 வயதிலேயே சேர்க்கிறார்கள் என்றாலும் அங்கும் பகல் நேரம்தான். ஜீப்போ விடியும் முன் கிளம்பி, இருட்டும் நேரத்தில் திரும்புகிறது. ஏறத்தாழ 12 மணி நேரம். அதில் பாதி நேரத்தை அங்கன்வாடி ஏற்கிறது. மீதிப் பாதிக்கும், பால்குடிக் குழந்தைக்கும் இடம் இல்லை.

மத்திய அரசுக்குக் காப்பகத் திட்டம் தனியாகவும் உண்டு. 2006-இல் ராஜீவ் காந்தி பெயரில் நடந்தது. 2017-இல் தேசியக் காப்பகத் திட்டம் ஆயிற்று. 2022 முதல் 'பால்னா' என்ற பெயரில் நடக்கிறது. பால்னா என்றால் தொட்டில். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைத்து 17,000 இடங்களில் நடத்துவது இலக்கு. 6 மாதக் குழந்தை முதல் 6 வயது வரை சேர்க்கலாம். செலவில் பெரும்பான்மை மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன. 2017-ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய், பெற்றோர் வருமானம் 12,000 ரூபாய் வரை இருந்தால் 100 ரூபாய், அதற்கு மேல் 200 ரூபாய் என்று கட்டணம் வகுத்திருந்தார்கள். கூலிக்காரத் தாய் தாங்கக்கூடிய கட்டணம்தான். ஆனால் அந்தத் திட்டத்திலும் காப்பகம் திறந்திருக்க வேண்டிய நேரம் ஏழரை மணிதான்.

குமாஸ்தா வீட்டுக் கணக்கு

இது தோட்டக் கூலிகளின் பிரச்சினை மட்டும் என்று பாலக்காட்டிலோ கட்டப்பனையிலோ குடியிருக்கும் நம் அலுவலக நண்பர்கள் நினைக்க வேண்டாம். கணவன் ஒரு கம்பெனியில் கணக்கர். மனைவி ஒரு தனியார் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அல்லது கடையில் பில் போடுபவர். சொந்த ஊரில் என்றால் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள். இங்கே வாடகை வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மத்திய அரசு ஊழியராக இருக்கும் தாய்க்கு 2008 செப்டம்பர் முதல் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். பெரிய நிறுவனமானால் 50 பேர் கணக்கில் காப்பகம் கேட்கலாம். ஆனால் நம்மவர்களில் பலர் 10 பேர், 20 பேர் வேலை செய்யும் இடங்களில் இருக்கிறார்கள். 26 வார விடுப்பு முடிந்த மறுநாள் அவர்கள் முன் இரண்டே வழிதான். சம்பளத்தில் பெரும்பங்கைத் தனியார் காப்பகத்துக்குக் கொடுப்பது, அல்லது மனைவி வேலையை விடுவது. பல வீடுகளில் இரண்டாவதுதான் நடக்கிறது. "வருகிற சம்பளம் பிள்ளை பார்க்கிற செலவுக்கே போனால் எதற்கு வேலை?" என்று பேசி முடித்துவிடுகிறார்கள். அப்படி ஒரு முறை விட்ட வேலை, நான்கு ஐந்து ஆண்டு கழித்துத் தேடும்போது கிடைப்பதில்லை.

கணக்கில் வராத செலவு

காப்பகம் இல்லாததால் செலவு மிச்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் செலவை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அறுபது, அறுபத்தைந்து வயதில் ஓய்வெடுக்க வேண்டிய அம்மாச்சி தன் முழங்கால் வலியோடு கொடுக்கிறாள். 10 வயது மூத்த மகள் தன் படிப்பால் கொடுக்கிறாள். 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று 2010 ஏப்ரல் முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் காய் எடுப்புக் காலத்தில் தம்பியை இடுப்பில் சுமந்து வாசலில் நிற்கும் சிறுமிக்கு அந்த உரிமையை யார் வாங்கித் தருவது? கைக்குழந்தையோ தாய்ப்பாலால் கொடுக்கிறது. பிரசவித்த சில மாதங்களிலேயே ஜீப் ஏறும் தாய்க்குப் பகலெல்லாம் நெஞ்சு கட்டிக்கொள்ளும். குழந்தைக்குப் புட்டிப்பால்.

மற்ற இடங்களில் எப்படி?

இலங்கை மலையகத்தில் நம் உறவினர்கள் காப்பகத்தைப் 'பிள்ளை மடுவம்' என்பார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் அது உண்டு. இப்போது அவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயரிட்டு நடத்துகிறார்கள்.

டெல்லியில் 1969-இல் மீரா மகாதேவன் என்ற பெண்மணி, ராஜ்காட் அருகே கட்டட வேலை நடந்த இடத்தில் மண்ணில் கிடந்த குழந்தைகளைக் கண்டு, அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். வேலை இடம் மாறினால் காப்பகமும் கூடவே மாறும். அதனால் 'மொபைல் கிரீச்சஸ்' என்று பெயர். கூலித் தாயைக் காப்பகம் தேடி அலையவிடாமல், அவள் இருக்கும் இடத்துக்குக் காப்பகத்தைக் கொண்டுபோனதே அதன் சிறப்பு.

சுவீடன் நாடு 1974-இல் தாய்க்கு மட்டும் இருந்த விடுப்பைத் தாய், தந்தை இருவருக்கும் பொதுவாக்கியது. பிள்ளை வளர்ப்பது இருவர் கடமை என்பதைச் சட்டமாக்கிய முதல் நாடு அது.

என்ன செய்யலாம்?

முன்பு சொன்ன அந்த வாசகத்துக்கு வருவோம். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகத்தான் காப்பகம் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டுப் பொதுக் காப்பகம் நடத்தலாம். அரசு, உள்ளாட்சி மன்றம், தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்தலாம். சிறு ஏல விவசாயிகள் நிறைந்த இடுக்கிக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. தனியாக 5 பேரை வேலைக்கு வைக்கும் விவசாயியால் காப்பகம் நடத்த முடியாது. 100 விவசாயிகள் சேர்ந்தால் முடியும். கிலோவுக்குச் சிறு தொகை ஒதுக்கினாலும் போதும்.

அந்தக் காப்பகம் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜீப் புறப்படும் தெருவில், கூடலூரிலோ தேவாரத்திலோ இருக்கட்டும். ஜீப் கிளம்பும் முன் திறந்து, கடைசி ஜீப் திரும்பிய பின் மூடட்டும். இருக்கிற அங்கன்வாடிக் கட்டடத்திலேயே காலையும் மாலையும் இரண்டு ஆயாக்களை முறைவைத்து அமர்த்தினால் புதுக் கட்டடமும் வேண்டாம். இடத்தைத் தமிழ்நாடு தரட்டும், வேலை வாங்கும் கேரளத் தோட்டங்கள் பங்குத்தொகை தரட்டும், பால்னா திட்டத்தில் மத்திய அரசின் பங்கும் சேரட்டும். முல்லைப் பெரியாறு தண்ணீரைப் பற்றிப் பேச இரு மாநில அதிகாரிகளும் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தைகளுக்காக ஒரு முறை உட்காரலாம்.

தொழிலாளர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. எந்தத் தோட்டத்தில் வேலை செய்தாலும், காண்டிராக்டர் மூலம் போனாலும், பெயரும் வேலை நாளும் பதிவாக வேண்டும் என்று கேட்க வேண்டும். பதிவில் இல்லாத பெண்ணை எந்தச் சட்டமும் எண்ணாது. கர்ப்பம் தெரிந்த உடனே தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். 18,000 ரூபாய் மதிப்புள்ள டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி அந்தப் பதிவின் மேல்தான் கிடைக்கும். கேரளத்தில் குடியிருப்பவர்கள் அங்கன்வாடியில் பதிந்து, முதல் குழந்தைக்கான 5,000 ரூபாய் மத்திய அரசு உதவியைக் கேட்கலாம். தொழிற்சங்கங்கள் போனஸ், கூலி உயர்வோடு காப்பகத்தையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அலுவலக ஊழியர் சங்கங்களும் இதில் அவர்களோடு நிற்க வேண்டும்.

அன்று ஒரு தாய் 12 ஞாயிற்றுக்கிழமைகளுக்காக 10 ஆண்டு காத்திருந்து வென்றாள். இன்றைய கைக்குழந்தை 10 ஆண்டு காத்திருக்க முடியாது. அதற்குள் அதுவே தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் வயதுக்கு வந்துவிடும்.

நாளை விடியும் முன்பும் ஜீப் வரும். "புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வந்த, மதினி?" என்ற கேள்வியும் எழும். "காப்பகத்துல விட்டுட்டு வந்தேன்" என்று அந்தத் தாய் நிம்மதியாகப் பதில் சொல்லும் நாளை இரு மாநில அரசுகளும் தோட்ட உரிமையாளர்களும் சேர்ந்து கொண்டு வருவார்களா?